துணியில் தைத்த பெயர்கள்: பெண் உரிமை வரலாற்றைக் கைவேலையால் கற்பிக்கலாம்

லண்டன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் 1910ஆம் ஆண்டு பேனர் ஒன்று இருக்கிறது. துணித் துண்டுகளை இணைத்துச் செய்தது. அதில் 80 பெண்களின் கையெழுத்துகள் நூலால் தைக்கப்பட்டுள்ளன. வாக்குரிமை கேட்டுச் சிறைக்குப் போய், உள்ளே உண்ணாவிரதம் இருந்த பெண்கள் அவர்கள். வடிவமைத்த ஆன் மெக்பெத், கிளாஸ்கோ கலைப்பள்ளியில் எம்பிராய்டரி சொல்லிக்கொடுத்தவர். அந்தத் துணி முதலில் படுக்கை விரிப்பாகத் தைக்கப்பட்டு, பிறகு ஊர்வலத்தில் தூக்கிச் செல்லும் பேனராக மாறியது.

பெண் உரிமை வரலாற்றை வகுப்பறைக்குக் கொண்டுவர நினைக்கும் ஆசிரியருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. தையல் என்பது வீட்டோடு இருக்கும் பெண்ணுக்கு உரிய வேலை என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள், அதே ஊசியை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். 1908 ஜூனில் லண்டனில் ஏறத்தாழ 10,000 பெண்கள் ஊர்வலம் போனார்கள். அதற்கான பேனர்களை மேரி லவுண்ட்ஸ் தலைமையில் பெண் ஓவியர்கள் கூடிச் செய்தார்கள். கண்ணாடி ஓவியம் லவுண்ட்ஸின் தொழில். மேரி கியூரி, ஜேன் ஆஸ்டின், புளோரன்ஸ் நைட்டிங்கேல் எனப் பல துணிகளில் ஒரு பெண்ணின் பெயர். சிறையில் முதலில் உண்ணாவிரதம் தொடங்கிய மரியன் வாலஸ் டன்லப்பும் ஓவியர்தான். மன்னரிடம் முறையிடுவது குடிமக்களின் உரிமை என்ற சட்ட வாசகத்தை நாடாளுமன்றச் சுவரில் அச்சுக் குத்தியதற்காக 1909இல் கைதானார். 91 மணி நேரம் சாப்பிடாமல் இருந்த பிறகு விடுவிக்கப்பட்டார்.

நம் பள்ளிகளில் மார்ச் 8, மகளிர் தினத்தன்று நடக்கும் ஓவியப் போட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். உடைந்த சங்கிலி, சிறகு முளைத்த பெண், தலையில் உலக உருண்டை. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. ‘பெண் விடுதலை’ என்று பொத்தாம்பொதுவாகத் தலைப்புக் கொடுத்தால் அவர்களுக்கு வேறு வழி கிடையாது. யாரும் வாழாத, எந்த ஆண்டும் இல்லாத ஒரு விடுதலையைத்தான் வரைவார்கள். அது ஓவிய வகுப்பு, அவ்வளவுதான். வரலாறு அங்கே நடக்கவில்லை.

அதற்குப் பதிலாக ஒரு பெயரைக் கொடுத்துப் பாருங்கள். முத்துலட்சுமி ரெட்டி என்று வைத்துக்கொள்வோம். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர், 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர், சென்னை மாகாணச் சட்ட மேலவையின் முதல் பெண் உறுப்பினர். இவருக்கு ஒரு பேனர் செய் என்றால் மாணவி உடனே முடிவுகள் எடுத்தாக வேண்டும். ஸ்டெதஸ்கோப்பை வரைவதா, சட்டசபையை வரைவதா? தேவதாசி முறைக்கு எதிரான சட்டத்தை எப்படிப் படமாக்குவது? ஆதரவற்ற பெண்களுக்காக அவர் தொடங்கிய அவ்வை இல்லத்துக்கு இடம் உண்டா? ஒரு மீட்டர் துணியில் எல்லாம் அடங்காது. எதை விடுவது என்று யோசிக்கும்போது அந்த வாழ்க்கையை அவள் எடைபோடத் தொடங்குகிறாள். பாடப்புத்தகத்தில் அடிக்கோடு போடும் மாணவிக்கு இந்த வேலை இல்லை.

இன்னொரு பேனருக்கு 1921 என்ற ஆண்டை மட்டும் கொடுக்கலாம். பெண்களுக்கு வாக்குரிமை தரும் தீர்மானம் சென்னை மாகாணச் சட்ட மேலவையில் நிறைவேறிய ஆண்டு அது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் சென்னைதான் இதில் முந்தியது. ஆனால் சொத்து, வரி போன்ற தகுதி உள்ளவர்களுக்கே வாக்கு. ஆகவே அந்தப் படத்தில் வரிசையில் நிற்கும் பெண்களோடு, நிற்க முடியாத பெண்களையும் வரைந்தாக வேண்டும். பிரிட்டனிலும் இதே கதைதான்: 1918இல் 30 வயது நிரம்பிய, சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது, ஆண்களுக்குச் சமமாக 21 வயதில் கிடைக்க 1928 ஆனது.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இனிச் சொல்லப்போகும் பயிற்சி. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எடுத்தபோது, பல பெண்கள் தம் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிவு செய்ய வந்தார்கள். பெயர் தராத ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். பெரும்பாலும் வட மாநிலங்களில் நடந்தது இது. இதை வகுப்பில் சொல்லிவிட்டு, அந்த 80 கையெழுத்துப் பேனரின் படத்தைக் காட்டுங்கள். பிறகு ஆளுக்கு ஒரு கைக்குட்டை அளவு காடாத் துணியைக் கொடுத்து அனுப்புங்கள். வீட்டிலிருக்கும் மூத்த பெண்ணிடம் போய், முதன்முதலில் எப்போது ஓட்டுப் போட்டார், யாருக்குப் போடுவது என்பதை யார் முடிவு செய்தார்கள் என்று கேட்டு வர வேண்டும். அவர் பெயரை அவர் கையாலேயே பென்சிலில் எழுதி வாங்க வேண்டும். எழுதத் தெரியாதவர் என்றால் ஒரு கோலமோ பூவோ போடட்டும். அந்தப் பென்சில் கோட்டின் மேல் மாணவர் சங்கிலித் தையல் போட வேண்டும். பையன்களும்தான். ஆச்சியின் பெயரைத் தைக்க அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணி நேரமும் அவர் சொன்ன கதை பேரனின் மனதில் ஓடும்.

செலவு அதிகமில்லை: காடாத் துணி, இரண்டு மூன்று நிற நூல், ஊசி. மூன்று பாடவேளை போதும். முதலாவதை முழுக்க வரலாற்றுக்கே ஒதுக்குங்கள். வண்ண நூலைக் கையில் கொடுத்துவிட்டால் பிறகு யாரும் கதை கேட்கமாட்டார்கள். உண்ணாவிரதம் இருந்த பெண்களுக்குச் சிறையில் கட்டாயமாக உணவு புகட்டிய கொடுமையை உயர்நிலை வகுப்புகளில் பேசலாம், சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம். மதிப்பெண் போடும்போது அழகைப் பார்க்காதீர்கள். இந்த நிறம் ஏன், எதை விட்டுவிட்டாய் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தால் பாடம் ஏறிவிட்டது.

துண்டுகளை ஒன்றாகத் தைத்ததும் பீரோவில் பூட்டி வைத்துவிடாதீர்கள். பெற்றோர் கூட்டம் நடக்கும் நாளில் பள்ளி வாசலில் கட்டுங்கள். பெயர் தந்த அம்மாக்களையும் ஆச்சிகளையும் பெயர் சொல்லி அழையுங்கள்.