படகில் ஃபியூஸ் எங்கே இருக்க வேண்டும்?

வீட்டில் மின்கம்பி புகைந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வெளியே ஓடிவிடலாம். நடுக்கடலில் செல்லும் படகிலிருந்து எங்கே ஓடுவது? ஆகவே, அங்கே ஃபியூஸ் எனப்படும் உருகியை வைக்கும் இடம் உயிரைக் காக்கும் விஷயமாகிறது.

“படகில் இருப்பது வெறும் 12 வோல்ட் பாட்டரிதானே? தொட்டாலும் ஷாக் அடிக்காதே!” என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் கம்பியைச் சுடவைப்பது அதில் பாயும் மின்னோட்டம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பாட்டரியிலிருந்து 5 மீட்டர் தொலைவிலுள்ள விளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி செல்கிறது. போக, வர 10 மீட்டர். மின்தடை ஏறத்தாழ 0.07 ஓம். படகின் அதிர்வால் கம்பிகளின் உறை தேய்ந்து, விளக்கருகே இரண்டும் தொட்டுக்கொள்கின்றன. பாட்டரியின் சிறிய உள்தடையையும் சேர்த்துக் கணக்கிட்டால், சுமார் 160 ஆம்பியர் பாயும். கம்பி தாங்குவது 20 ஆம்பியர் எனக் கொண்டால், இது 8 மடங்கு. வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால் 64 மடங்கு! உறை உருகித் தீப்பற்ற வேறென்ன வேண்டும்?

உருகியை விளக்கருகே வைத்திருந்தால் தப்பலாமா? முடியாது. கம்பிகள் தொட்ட இடம் உருகிக்கு முன்னால் இருந்தால், அந்த மின்னோட்டம் உருகி வழியே செல்வதே இல்லை. வாய்க்கால் நடுவே உடைப்பெடுத்தால் ஏரி மதகைத்தான் அடைக்க வேண்டும். வயல் மடையை அடைத்துப் பயனில்லை. ஆகவே உருகியின் இடம் பாட்டரியின் நேர்முனைக்கு மிக அருகே. அமெரிக்காவில் படகுத் தரங்களை வகுக்கும் ஏ.பி.ஒய்.சி. அமைப்பின் பொதுவிதி, 7 அங்குலத்துக்குள், அதாவது சுமார் 18 செ.மீ.க்குள் என்பதாகும். கம்பி தனி உறைக்குள் சென்றால் கூடுதல் தொலைவு அனுமதிக்கப்படுகிறது. எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் கம்பிக்கு விதிவிலக்கு உண்டு. அது கணநேரத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுப்பது.

இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி பிரியும் இடத்தில், மெல்லிய கம்பிக்கேற்ற வேறோர் உருகி வேண்டும். இரண்டு பாட்டரிகளை இணைக்கும் கம்பிக்கோ இரு முனையிலும் உருகி தேவை. நடுவில் பழுது நேர்ந்தால் இருபுறமிருந்தும் மின்னோட்டம் பாயுமல்லவா?

பெட்ரோல் படகில் மற்றோர் எச்சரிக்கை: பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடித்தளத்தில் தேங்கும். அங்கே வைக்கும் உருகி, பொறி வெளிவராதபடி மூடப்பட்டதாக இருக்க வேண்டும்.

உருகி காப்பது விளக்கையன்று, கம்பியை. எனவே அதன் ஆம்பியர் அளவு கம்பி தாங்கும் அளவை மீறக்கூடாது. உருகி போய்விட்டால் தடித்த கம்பியைச் சுற்றிச் சமாளிக்காதீர்கள், பழுதைத் தேடுங்கள்.

அடுத்த முறை ஒரு மோட்டார் சைக்கிளின் பாட்டரியைக் கவனியுங்கள். பெரும்பாலும் அதனருகிலேயே ஓர் உருகி இருக்கும். ஏன் என்பது இப்போது உங்களுக்கே விளங்கும்.