புன்னகைக்குப் பின்னால் ஒரு போராட்டம்

அன்னை தெரசாவின் கடிதங்கள் வெளியிட்ட ரகசியம்

அன்னை தெரசாவை நேரில் பார்த்தவர்கள், முதலில் அவருடைய சிரித்த முகத்தைப் பற்றித்தான் சொல்வார்கள்.

தெருவில் விழுந்து கிடந்தவர்களைத் தூக்கினார். புண்களைக் கழுவினார். சாகப்போகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பொழுதும் அந்தப் புன்னகை மாறவில்லை.

கடவுள் தினமும் இவருடன் பேசுகிறார் போலும் என்று ஜனங்கள் நினைத்தார்கள்.

உண்மை வேறாக இருந்தது.

ஏறக்குறைய 50 ஆண்டுகள், கடவுள் தம் அருகில் இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை! ஜெபம் செய்தால் உள்ளம் வறண்டு கிடந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை.

1997-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி அவர் காலமானார். அதற்கு 10 ஆண்டுகளுக்குப் பிறகு, 2007-ல், அவருடைய கடிதங்கள் புத்தகமாக வெளிவந்தன. அப்பொழுது இந்த ரகசியம் உலகம் முழுவதும் பரவலாகத் தெரிந்தது.

ரெயிலில் கேட்ட அழைப்பு

தெரசா, 1910-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி ஸ்கோப்யே நகரில் பிறந்தவர். பெற்றோர் அல்பேனியர்கள். இவருக்கு வைத்த பெயர் ஆக்னஸ். 18 வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, கன்னியர் மடத்தில் சேர்ந்தார். 1929-ல் இந்தியாவுக்கு வந்தார். கல்கத்தாவில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை ஆனார்.

1946-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி, அவர் டார்ஜிலிங்குக்கு ரெயிலில் போய்க்கொண்டு இருந்தார். ஏழைகளுடன் ஏழையாக வாழ்ந்து தொண்டு செய்யும்படி இயேசுநாதர் தம்மை அழைப்பதாக அப்பொழுது உணர்ந்தார்.

அதற்குப் பிறகு சில மாதங்கள் அவருக்கு இனிமையான காலம். இயேசுநாதரின் குரலே உள்ளத்தில் கேட்டுக்கொண்டு இருந்தது.

1948-ல், நீலக் கரை போட்ட வெள்ளைப் புடவை உடுத்தி, மடத்தை விட்டு வெளியே வந்தார். சேரிக்குப் போனார். அங்கே கரும்பலகை இல்லை. குச்சியால் மண்ணில் எழுதிப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்.

1950-ல் அவருடைய சபைக்கு ரோமாபுரியின் அனுமதி கிடைத்தது. 1952-ல், கல்கத்தா காளி கோவிலுக்குப் பக்கத்தில், சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு ஓர் இல்லம் திறந்தார்.

வேலை வளர்ந்தது. ஆனால், உள்ளத்தில் கேட்ட அந்தக் குரல் நின்றுவிட்டது!

உள்ளே இருட்டு

1953-ம் ஆண்டு மார்ச் மாதம், கல்கத்தா அதிமேற்றிராணியார் பெரியேருக்குத் தெரசா ஒரு கடிதம் எழுதினார். வேலையைத் தொடங்கிய காலத்தில் இருந்தே தம் உள்ளத்தில் பயங்கர இருட்டாக இருக்கிறது என்றும், தமக்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்றும் அதில் கேட்டுக்கொண்டார்.

1958-ல், காலமான போப்பாண்டவர் 12-ம் பயசுக்காக நடந்த பூசையின்போது, திடீரென்று அந்த இருட்டு விலகியது. சில வாரங்கள்தான். மறுபடியும் சூழ்ந்துகொண்டது.

இது அவருடன் இருந்த கன்னியர்களுக்குத் தெரியாது. ஒருசில குருமார்களுக்குத்தான் தெரியும். தமது சிரிப்பு, வேதனையை மூடி வைக்கும் போர்வை என்று அவர்களுக்கு எழுதினார். கடிதங்களை அழித்துவிடும்படியும் கேட்டார். ஜனங்கள் இயேசுவை விட்டுவிட்டுத் தம்மைப் பெரிதாக நினைப்பார்களே என்று பயந்தார். ஆனால், சில கடிதங்கள் பத்திரமாக இருந்தன.

ஜெபம் நிற்கவில்லை

இப்படி இருந்தும், அவர் ஒரு நாளாவது ஜெபத்தை விட்டாரா? இல்லை.

பொழுது விடிவதற்கு முன்பே எழுந்திருப்பார். மற்ற கன்னியர்களுடன் ஜெபம் செய்வார். பூசை காண்பார். நடக்கும்பொழுதும் கையில் ஜெபமாலை உருளும். 1973-ல் இருந்து, அவருடைய சபையில் தினமும் ஒரு மணி நேரம் நற்கருணை ஆராதனை நடந்தது. எவ்வளவு வேலை இருந்தாலும், அந்த ஒரு மணி நேரம் கடவுளுக்கு.

வெளியூர் போன மகனிடம் இருந்து கடிதம் வரவில்லை என்பதற்காக, தாய் வாசலைப் பார்ப்பதை விட்டுவிடுவாளா? தெரசாவின் ஜெபமும் அப்படித்தான் இருந்தது.

குரு சொன்ன பதில்

1961-ல் ஜோசப் நாய்னர் என்ற சேசு சபைக் குருவிடம் தமது நிலைமையைச் சொன்னார். ஆஸ்திரியாவில் பிறந்த அவர், புனாவில் வேதசாஸ்திரம் கற்பித்து வந்தவர்.

"இது உங்கள் குற்றம்" என்று அவர் சொல்லவில்லை. 3 விஷயங்களை எடுத்துச் சொன்னார்.

இந்த இருட்டுக்கு மனிதர்களிடம் மருந்து கிடையாது. கடவுளின் அருகாமையை உணர்ந்தால்தான் அவர் இருக்கிறார் என்று அர்த்தம் அல்ல. கடவுளுக்காக ஏங்குகிறீர்களே, அந்த ஏக்கமே அவர் உங்களுக்குள் மறைந்து இருக்கிறார் என்பதற்கு அடையாளம்.

தண்ணீர் என்று ஒன்று இருப்பதால் அல்லவா தாகம் உண்டாகிறது!

அதற்குப் பிறகும் இருட்டு விலகவில்லை. ஆனால், பயம் விலகியது. சிலுவையில் இயேசுநாதரே, கடவுள் தம்மைக் கைவிட்டது ஏன் என்று கதறினார் அல்லவா? அந்த வேதனையில் ஒரு சிறு பங்கு தமக்கும் கிடைத்து இருக்கிறது என்று தெரசா எண்ணினார். இருட்டை நேசிக்கத் தொடங்கிவிட்டதாக நாய்னருக்கு எழுதினார்.

யாருடைய பெயரை இவர் வைத்துக்கொண்டாரோ, அந்தப் பிரெஞ்சு நாட்டுப் புனிதை குழந்தை தெரசாவும், 1897-ல் இறப்பதற்கு முன் ஒன்றரை ஆண்டு காலம் இதே போன்ற சோதனையில் இருந்தவர்தான்.

பரிசு வந்தபோதும்...

1979 டிசம்பரில், சமாதானத்துக்கான நோபல் பரிசு அன்னை தெரசாவுக்கு ஆஸ்லோ நகரில் வழங்கப்பட்டது. விருந்து வேண்டாம், அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுங்கள் என்றார். உலகமே பாராட்டியது. அதற்குச் சுமார் 3 மாதங்களுக்கு முன்னால், ஒரு குருவுக்கு எழுதிய கடிதத்தில், தம் உள்ளத்தின் வெறுமையைப் பற்றி எழுதி இருந்தார்!

கடிதங்கள் வெளிவந்தபொழுது, "அப்படியானால் அவருக்கு நம்பிக்கையே இல்லை, சிரித்தது வேஷம்" என்று சிலர் சொன்னார்கள்.

நம்பிக்கை இல்லாதவர், பதில் வராத ஜெபத்தை 50 ஆண்டுகள் செய்வாரா? வேஷம் போடுகிறவர், யாரும் பார்க்காத இடத்தில் முழங்காலில் நிற்பாரா? இது மற்றவர்கள் கேட்ட கேள்வி.

2016-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி, போப்பாண்டவர் பிரான்சிஸ் அவரைப் புனிதையாக அறிவித்தார்.

நோயில் கிடக்கும் பிள்ளைக்காக ஜெபிக்கும் தாய் உண்டு. வேலை போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகும் தகப்பன் உண்டு. உள்ளே ஒன்றும் தோன்றவில்லையே, தம்மிடம் நம்பிக்கை குறைந்துவிட்டதோ என்று அவர்கள் கலங்குவது உண்டு.

அவர்களுக்கு இந்தக் கடிதங்கள் பெரிய ஆறுதல். மனதுக்கு இனிப்பாக இருக்கும்பொழுது ஜெபிப்பது சுலபம். கசக்கும்பொழுதும் கையில் இருக்கும் ஜெபமாலையைக் கீழே வைக்காமல் இருப்பதுதான் நம்பிக்கை.

அன்னை தெரசா அதை வைக்கவே இல்லை.