கல் எடைக்கு வெள்ளி விலையா?

கல் வைத்த வெள்ளி மோதிரத்தை வாங்கும்போது, பல கடைகளில் அப்படியே தராசில் வைத்து மொத்த எடைக்கும் வெள்ளி விலை போடுகிறார்கள். அதையே மாற்றப் போனால், “கல்லைக் கழிக்கணும், அரக்கைக் கழிக்கணும்” என்கிறார்கள். வாங்கும்போது கழிக்காத எடையை விற்கும்போது மட்டும் கழிப்பது அநியாயம். ஒரு காரட் என்பது 0.2 கிராம். 8 கிராம் மோதிரத்தில் 10 காரட் கல் இருந்தால் 2 கிராம், அதாவது கால்வாசி, வெள்ளியே அல்ல. கல்லுக்குத் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு, அதன் எடையையும் வெள்ளிக் கணக்கில் சேர்த்துவிடுவதும் நடக்கிறது.

கல்லைச் சுற்றி மெல்லிய வெள்ளித் தகட்டை எழுப்பி, அதன் விளிம்பைக் கல்மேல் மடித்து அழுத்தும் வேலையில் இந்தச் சிக்கல் அதிகம். நாகர்கோவிலில் உள்ள வடசேரியின் கோயில் நகைகளைப் பாருங்கள். பரதநாட்டிய மேடைக்கான தலைசாமான்கள் பலவும் வெள்ளியில் செய்து, சிவப்புக் கெம்புக் கற்களை முதுகு மூடிப் பதித்து, தங்க ரேக்கு ஒட்டியவை. புவிசார் குறியீடு பெற்ற அருமையான கைவேலை அது. கல் ஆடாமல் இருக்க அடியில் அரக்கு வைப்பதும், நிறம் எடுப்பாகத் தெரியப் பளபளப்பான தகடு வைப்பதும் பழைய வழக்கந்தான், அதில் குற்றமில்லை. சொல்லாமல் விற்பதுதான் குற்றம். ஓரமும் முதுகும் மூடியிருக்கும் நகையில் கல்லின் கனம் எவ்வளவு, அடியில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் கேட்டு வாங்கிப் பாருங்கள். உள்ளே உருண்டையான காற்றுக்குமிழ்கள் தெரிந்தால் அது பெரும்பாலும் கண்ணாடி.

கல்லில் மட்டுமல்ல, உலோகத்திலும் கவனம் தேவை. ‘ஜெர்மன் சில்வர்’ என்று விற்கப்படுவதில் வெள்ளி துளியும் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை அது. நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் காதும் கழுத்தும் அரித்துப் புண்ணாகும்.

வெள்ளிக்கு ஹால்மார்க் இன்னும் கட்டாயமில்லை. ஆனாலும் கேட்டு வாங்குங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் ஹால்மார்க் வெள்ளி நகைக்கும் எச்யூஐடி எனும் ஆறு இலக்கத் தனி அடையாள எண் வந்துவிட்டது. இந்திய தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். 925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. அந்த முத்திரை வெள்ளிக்கு மட்டுமே பொறுப்பு, கல்லுக்கு அல்ல. முத்திரையில் உள்ளதைவிடத் தரம் குறைந்திருந்தால், அந்தக் குறைவுக்கான மதிப்பைப்போல் இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகக் கேட்கும் உரிமை பிஐஎஸ் விதிகளில் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் அடிப்படை பில். மொத்த எடை, கல் எடை, நிகர வெள்ளி எடை, தரம், கல்லின் பெயர், அது இயற்கையா செயற்கையா, செய்கூலி என எல்லாம் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். கல் பதிக்கும் கூலியைக் கூடுதலாகவே கொடுக்கலாம், நுணுக்கமான வேலைக்கு அது தகும். ஆனால் கூலி கூலியாகவே பில்லில் வர வேண்டும், எடைக்குள் ஒளிந்து வரக் கூடாது. பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நகையை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். தராசில்தான் சந்தேகம் என்றால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம்.

அதுவரை ஆத்திரத்தில் கல்லைப் பெயர்த்துப் பார்க்காதீர்கள். பெயர்த்துவிட்டால், நகை வாங்கியபோது இருந்த நிலையை நிரூபிப்பது கடினம். நகையின் முன்பக்கம், பின்பக்கம், முத்திரை மூன்றையும் படமெடுத்து, பில்லோடு சேர்த்து, நகையை அப்படியே அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். எக்ஸ்ரே முறைச் சோதனையில் நகை சேதமாகாது.