ஒழுகாத ஓட்டை: லாரி டீசல் லைனில் எதை வீட்டிலேயே மாற்றலாம்?

திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் ஒரே ஒரு லாரியை வாங்கி, அதைத் தானே ஓட்டிப் பிழைப்பவர்கள் உண்டு. வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வாடகை போச்சு; மாதத் தவணை மட்டும் நிற்காது. ஆகவே ஃபில்டர், டீசல் பைப், ஃபீட் பம்ப் எல்லாவற்றையும் வீட்டு வாசலிலேயே மாற்றிவிட முடியாதா என்ற கேள்வி இயல்பாக வரும். பாதி முடியும் என்பதுதான் என் பதில். எந்தப் பாதி என்பது வண்டி எந்தக் காலத்து வண்டி என்பதைப் பொறுத்தது.

பழைய வண்டியை முதலில் பார்ப்போம். ரூடால்ஃப் டீசல் செய்த முதல் இன்ஜின்களில் அழுத்தப்பட்ட காற்றைக் கொண்டுதான் எரிபொருளை உள்ளே ஊதினார்கள். லாரிக்குள் அடங்குகிற பம்பை ராபர்ட் போஷ் கம்பெனி 1927-ல் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. நம் ஊரில் அதே பம்புக்குப் பெயர் "மைகோ பம்ப்". 1951-ல் உருவான மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் சுருக்கம் அது. 2008-ல் கம்பெனி போஷ் என்று பெயர் மாறிவிட்டது, ஆனால் மெக்கானிக் வாயில் இன்னும் மைகோதான்.

இந்த அமைப்பில் டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை டீசல் உறிஞ்சப்படுகிறது. அங்கிருந்து ஃபில்டர் வழியாக மெயின் பம்ப் வரை லேசான அழுத்தத்தில் தள்ளப்படுகிறது. மெயின் பம்பிலிருந்து நாசில் வரை மட்டும்தான் கடும் அழுத்தம். நாசில் திறப்பதே சுமார் 200 பாரில். முதல் இரண்டு பகுதிகளும் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் தாராளமாகக் கைவைக்கக் கூடியவை.

இங்கே ஒரு விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். காலையில் செல்ஃப் அடித்து அடித்துத்தான் ஸ்டார்ட் ஆகிறது, ஓடும்போது திணறுகிறது. கீழே குனிந்து பார்த்தால் ஒரு சொட்டு டீசல்கூட ஒழுகவில்லை. உடனே பழி பம்ப் மேலே விழும். ஆனால் டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் இருப்பது உறிஞ்சும் பக்கம். அங்கே ஊசி முனை ஓட்டை இருந்தால், ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ஸ்ட்ராவில் ஓட்டை இருந்தால் இளநீர் சிந்துவதில்லை, உறிஞ்சத்தான் வருவதில்லை, அது மாதிரி. கண்டுபிடிக்க ஒரு சாண் கண்ணாடி ஹோஸ் போதும். ஃபீட் பம்புக்கு முன்னால் அதை இணைத்து ஓட்டினால் குமிழி தெரியும். அப்புறம் டேங்க் லைனைக் கழற்றிவிட்டு, சுத்தமான கேனிலிருந்து நேராக ஃபீட் பம்புக்கு டீசல் கொடுத்துப் பாருங்கள். குமிழி நின்றால் குற்றவாளி பின்னால் இருக்கிற பைப்போ அதன் இணைப்போதான்.

தோல் ஏற்றுகிற வண்டிகளில் அந்தப் பின்பக்க பைப்பை முதலில் சந்தேகப்படுவேன். பச்சைத் தோலை உப்புப் போட்டுத்தான் அனுப்புவார்கள். அதிலிருந்து கசிகிற உப்புத்தண்ணி சேசிஸில் இறங்கினால், இரும்பு டீசல் பைப்பை, குறிப்பாக கிளாம்ப் அடியில், துரு மெல்லத் தின்னும்.

பைப்பை மாற்றினால் பேன்ஜோ போல்ட்டின் செம்பு வாஷரையும் புதிதாகப் போட வேண்டும். பழசைச் சிவக்கக் காய்ச்சி மறுபடி போடும் வழக்கம் உண்டு. செம்பு அப்படி இளகுவது உண்மைதான், ஆனாலும் சில ரூபாய் சமாசாரத்துக்கு அந்த வேலை தேவையா? பிறகு ஏர் எடுப்பது. டேங்க் பக்கத்திலிருந்து இன்ஜினை நோக்கி வரிசையாகப் போங்கள்: ஃபில்டர் தலையில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும் வரை கை பம்பை அடித்து, மூடிவிட்டு அடுத்தது மெயின் பம்ப். நாசிலையும் மெயின் பம்பையும் கழற்றினால் டெஸ்ட் பெஞ்சில்தான் சரிபார்க்க முடியும், அது பம்ப் கடை வேலை.

காமன் ரயில் வண்டிக்கு இந்தப் பழக்கத்தைக் கொண்டு போகவே கூடாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு புது லாரி எல்லாம் ஏறக்குறைய இந்த வகைதான். ரயிலில் அழுத்தம் 1600 பாருக்கு மேல் போகும். லாரி டயரில் இருப்பதே சுமார் 8 பார்தான். பழைய வண்டியில் ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பார்கள். இதில் அப்படிச் செய்தால் கண்ணுக்குத் தெரியாத டீசல் இழை தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கசிவைத் தேட விரலால் தடவுவதும் அதே ஆபத்து. ஒரு அட்டையைப் பிடித்துப் பாருங்கள். காயம் முள் குத்தின மாதிரி இருக்கும், முதலில் வலிகூடப் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் உள்ளே திசு அழுகத் தொடங்கும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். "அழுத்தத்தில் டீசல் உள்ளே போயிருக்கு" என்று சொல்லி உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தொழுநோயாளிகளின் கைகளுக்கு பால் பிராண்ட் அறுவைச் சிகிச்சை செய்த வேலூர் சிஎம்சி-யில் கைக்கென்றே தனித் துறை இருக்கிறது.

இன்னொரு தடை மென்பொருள். காமன் ரயில் இன்ஜெக்டர்கள் பலவற்றின் தலையில் ஒரு குறியீடு அச்சிட்டிருக்கும். அந்த இன்ஜெக்டர் எவ்வளவு கூடக்குறையத் தெளிக்கிறது என்ற அளவு அது. மாற்றினால் ஸ்கேனர் வைத்து வண்டியின் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். சர்வரை மாற்றிவிட்டுப் பழைய கான்ஃபிக் ஃபைலையே விட்டுவைப்பவரை எங்கள் ஆபீஸில் திட்டுவோம், இதுவும் அதேதான்.

அப்படியானால் புது வண்டியில் நமக்கு மிச்சம் என்ன? ஃபில்டரும், அதன் அடியில் தேங்கும் தண்ணியை இறக்குவதும். சின்ன வேலை மாதிரித் தெரியும், ஆனால் ஒரு செட் இன்ஜெக்டரைக் காப்பாற்றுவது இதுதான். புது ஃபில்டரில் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பாதீர்கள், வடிகட்டாத டீசல் நேராக ரயிலுக்குப் போய்விடும். காலியாகவே மாட்டி, சாவியை அணைத்த நிலையில் கை பம்பால் இறுகும் வரை அடியுங்கள். இந்தப் பம்புக்கு டீசல்தான் ஆயிலும், காய்ந்து சுற்றினால் தேய்ந்துவிடும். கழற்றும் முன் சுற்றுப்புறத்தைத் துடைக்க நூல் உதிராத துணி வேண்டும், கழிவுப் பஞ்சு வேண்டாம். இன்ஜெக்டருக்குள் இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான், தலைமுடியோ 70 மைக்ரான் தடிமன்.