அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பள்ளியில் எப்படிச் சொல்வது?

தஞ்சை மாவட்டத்துப் பெற்றோருக்குப் பள்ளிப் பாதுகாப்பு என்றால் முதலில் கண் போவது கூரைக்குத்தான். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீ கொண்டுபோன பிறகு, கீற்றுக் கொட்டகையோ குறுகலான மாடிப்படியோ கண்ணில் பட்டால் தலைமையாசிரியரிடம் நேரே போய்க் கேட்க இங்கே யாரும் தயங்குவதில்லை. ஆனால் "கூடப் படிக்கிற பையன் என் மகளைக் காம்பஸால் குத்துறான்", "அந்தப் பொண்ணு செத்துப் போயிடுவேன்னு சொல்லிக்கிட்டே இருக்காம்" என்பதைப் போய்ச் சொல்லத்தான் வாய் வருவதில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். அந்தப் பையனின் அப்பா பங்காளியாக இருப்பார். இல்லையென்றால் நம் வயலுக்கு நடவு ஆள் கூட்டி வருகிறவராக இருப்பார். நாளைக்கே நெல் கொள்முதல் நிலையத்தில் பக்கத்துப் பக்கத்துக் குவியலாக உட்கார்ந்து ராத்திரி முழுக்கக் காவல் காக்க வேண்டியிருக்கும். "நமக்கு ஏன் பொல்லாப்பு" என்று விட்டுவிடுகிறோம். இதில் நஷ்டப்படுவது நம் பிள்ளை மட்டுமல்ல, அந்தப் பிள்ளையும்தான்.

எதற்குப் பொறுக்கலாம், எதற்குப் பொறுக்கக் கூடாது

எல்.கே.ஜி. வயதில் கடிப்பதும் தள்ளுவதும் பேச்சு முழுதாக வராத குழந்தைகள் செய்கிற வேலை. பெரும்பாலும் தானே சரியாகிவிடும். டீச்சரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பென்சில் பறிப்பது, பட்டப்பெயர் வைப்பது ஒருமுறை நடந்தால் பிள்ளைகளே தீர்த்துக்கொள்வார்கள். அதே பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப நடந்தால் அது விளையாட்டு இல்லை.

சில விஷயங்களில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. நாய்க்குட்டியையோ ஓணானையோ வதைத்து ரசிப்பது, தீ வைத்துப் பார்ப்பது, புத்தகப் பையில் கத்தி வைத்திருப்பது, வயதுக்கு மீறிய பாலியல் பேச்சும் தொடுதலும், சாவைப் பற்றிய பேச்சு இவையெல்லாம் அந்த வகை. கடைசியில் சொன்னது டெல்டாவில் கூடுதல் ஆபத்து. பயிருக்கு அடிக்கிற மருந்து இங்கே பல வீடுகளில் திண்ணை மூலையிலோ மாட்டுக் கொட்டகையிலோ பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கிறது. அரசு தடை செய்திருக்கிற, மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி மருந்துப் பசை கல்லீரலையே தின்றுவிடும். பதின்மூன்று வயதுப் பெண் "செத்துடுவேன்" என்று தோழியிடம் சொன்னால், அதைச் சும்மா பேச்சு என்று முடிவு கட்டுவது நம் வேலை இல்லை.

கூல் லிப்பையும் இதில் சேர்க்க வேண்டும். உதட்டுக்கும் ஈறுக்கும் இடையில் அடக்கிக்கொள்கிற சின்னப் புகையிலைப் பொட்டலம். புகை வராது, வாசனையும் புதினா மிட்டாய் மாதிரி இருப்பதால் வகுப்பிலேயே வைத்துக்கொள்கிறார்கள். குட்கா வகைகளுக்கு 2013 முதல் இங்கே தடை இருக்கிறது. கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் எந்தப் புகையிலைப் பொருளையும் விற்கக் கூடாது என்பது மத்திய சட்டம். அப்படியும் கிடைக்கிறது. ஒரு பையன் வைத்திருப்பது தெரிந்தால், அவனைச் சொல்வதோடு எந்தக் கடை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நடத்தைக்குப் பின்னால் ஓர் உடம்பு இருக்கிறது

கூப்பிட்டால் திரும்பாத, முரட்டுத்தனமாகத் தள்ளுகிற பையனுக்குக் காது சரியாகக் கேட்காமல் இருக்கலாம். சளி பிடித்துப் பிடித்துக் காதில் சீழ் வடிந்த பிள்ளைகளிடம் இதைப் பார்க்கலாம். சில விநாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு "திமிரு" என்று பெயர் வாங்குகிற பெண்ணுக்கு அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். ராத்திரி அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பதைப் பார்த்துத் தூங்காத பிள்ளை, காலையில் முதல் பீரியடில் பக்கத்துப் பையன் மேல் பாய்வதில் வியப்பில்லை. வயதுக்கு மீறிய பாலியல் நடத்தை, அந்தக் குழந்தையிடமே யாரோ அத்துமீறியதன் அடையாளமாகவும் இருக்கக்கூடும்.

ஏடிஎச்டி என்கிற கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறு என்று சொல்வதற்கே விதி இருக்கிறது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். வீடு, பள்ளி என ஓரிடத்துக்கு மேல் தென்பட வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு "அவனுக்கு ஏடிஎச்டி சார்" என்று அடுத்தவர் பிள்ளைக்கு நோய்ப் பெயர் வைக்கிற பெற்றோர் இப்போது பெருகிவிட்டார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பள்ளிக்கு வழி இருக்கிறது. தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் 2013-இல் தொடங்கியது. அதன் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை அரசுப் பள்ளிகளுக்கு வருகிறது. வளர்ச்சிக் குறைபாடு, காது, கண் சந்தேகம் உள்ள பிள்ளைகளை மேல்சிகிச்சைக்கு அனுப்புவது அதன் வேலை. வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அந்தப் பிள்ளை அங்கே போய்ச் சேர, பள்ளிக்கு முதலில் யாராவது சொல்லியாக வேண்டும்.

பார்த்ததைச் சொல்லுங்கள், பட்டம் சூட்டாதீர்கள்

போகிற இடம் வகுப்பாசிரியர். பெற்றோர் வாட்ஸ்அப் குழு அல்ல, அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலும் அல்ல. வாசலில் தொடங்குவது தெருச் சண்டையாகித்தான் முடியும். பள்ளி விடுகிற நேரத்தில் கேட்டருகே நின்று சொன்னால் பத்துப் பேர் காதில் விழும். "டீச்சர், தனியா ஒரு பத்து நிமிஷம் பேசணும், எப்ப வரட்டும்?" என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

"அவன் ரவுடி டீச்சர், அவங்க குடும்பமே அப்படித்தான்" என்று ஆரம்பித்தால் ஆசிரியர் அந்தப் பிள்ளைக்கு வக்கீலாகிவிடுவார், அதுவும் நியாயம்தான். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "போன செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு வேளையில, கை கழுவுற குழாயடியில காம்பஸ் முனையால இவ கையில குத்தியிருக்கான். வியாழக்கிழமை மறுபடியும். தழும்பை நான் பார்த்தேன். மத்தது இவ சொன்னது. பக்கத்துல ரெண்டு பிள்ளைங்க இருந்திருக்காங்க." நாள், நேரம், இடம். கண்ணால் கண்டது எது, பிள்ளை சொன்னது எது என்ற பிரிவும் அதில் இருக்கிறது. இதையே அரைத்தாளில் எழுதிக் கொடுத்து, ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கேட்க வேண்டியவை இரண்டே. என் பிள்ளைக்கு இனி என்ன பாதுகாப்பு? அந்தப் பிள்ளையை யாராவது உட்கார வைத்துப் பேசினார்களா? "டிசி கொடுத்து அனுப்புங்க" என்று கேட்காதீர்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். நாலு பேர் முன்னால் அவனை அடிக்கச் சொல்லவும் முடியாது, அதே சட்டம் அதையும் தடுக்கிறது. அந்தப் பிள்ளையை எந்த டாக்டரிடம் காட்டினார்கள், என்ன மாத்திரை என்பதைப் பள்ளி உங்களுக்குச் சொல்லாது. சொல்லவும் கூடாது.

போவதற்கு முன் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள ஒரு கேள்வி உண்டு. இதையே நம் தெருப் பையன் செய்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்குமா? டெல்டா கிராமங்களில் "அந்தத் தெருப் பிள்ளைங்க" என்று தொடங்குகிற புகார்களில் பாதி, நடத்தையைப் பற்றியதே அல்ல.

நாங்குநேரி சொன்ன எச்சரிக்கை

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவர், சாதியைச் சொல்லி உடன் படிப்பவர்கள் கொடுத்த தொல்லையால் பள்ளிக்குப் போகாமல் இருந்தார். விஷயம் பள்ளியில் சொல்லப்பட்டது. அதன் பிறகு ஓர் இரவில் அவர் வீட்டுக்குள்ளேயே புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. உயிர் பிழைத்து, அடுத்த ஆண்டு தேர்வில் 600-க்கு 469 எடுத்தார் அந்த மாணவர். இதையடுத்து அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதி காட்டும் கைக்கயிறு வேண்டாம் என்ற பரிந்துரைதான் அதிகம் பேசப்பட்டது. பெரிய பள்ளிகளில் மாணவர் நலனுக்கென்றே தனி அலுவலர் வேண்டும் என்றும் அது கேட்டிருந்தது.

பள்ளிகள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. தகவல் சொன்ன பிள்ளையின் பெயர் எதிர்ப்பக்கம் போகக் கூடாது. "உன்னைப் பத்தி இவ கம்ப்ளைண்ட் பண்ணியிருக்கா, ரெண்டு பேரும் கை குலுக்குங்க" என்று இருவரையும் எதிரெதிரே நிறுத்துகிற பழக்கம் இன்னும் பல பள்ளிகளில் இருக்கிறது. என்னைக் கேட்டால், அதைவிடச் சும்மா இருப்பதே மேல். பெற்றோரும் இதை வெளிப்படையாகவே கேட்டு வாங்க வேண்டும்: "நான் சொன்னேன்னு தெரிய வேண்டாம் சார்."

பள்ளி அசையாவிட்டால்

ஒரு வாரம் பாருங்கள், பிறகு தலைமையாசிரியர். அதற்கும் மேல், அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு. அதன் தலைவர் பெற்றோரில் ஒருவர்தான். அங்கே பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் பொதுவாகப் பேசுங்கள், ஏனென்றால் குழுவில் பேசியது அன்று மாலையே டீக்கடைக்கு வந்துவிடும். பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417. மனநல ஆலோசனைக்கு 14416.

பாலியல் அத்துமீறல் என்ற சந்தேகம் வந்தால் இந்தப் படிகள் எதுவும் கிடையாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம்வரை சிறை. தலைமையாசிரியர் "நாங்களே பேசித் தீர்த்துக்கறோம்" என்றாலும் அதை ஏற்கக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098 இரவும் பகலும் இயங்குகிறது, கட்டணம் இல்லை. அழைப்பவர் தன் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.