தேர்வும் தெளிந்த மனமும்

திருவாரூர் மாவட்டம் பூந்தோட்டத்தை அடுத்த கூத்தனூர் சரஸ்வதி திருக்கோயிலில், தேர்வுக் காலம் நெருங்கும்போது எழுதுகோலையும் ஏடுகளையும் அம்பிகையின் திருமுன் வைத்து வணங்கும் மாணவர்களைக் காணலாம். வழிபாடு மனத்திற்கு அமைதி தருகின்றது. அந்த அமைதியோடு முறையாகக் கற்பது மாணவர் கடமையாகும்.

நினைவில் நிற்க

ஜெர்மானிய உளவியலறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளை மனனம் செய்து தம்மையே சோதித்து, 1885 ஆம் ஆண்டு அதன் முடிவுகளை வெளியிட்டார். ஒருமுறை கற்றதில் பெரும்பகுதி ஒரே நாளில் மறந்துபோகும் என்பதும், இடைவெளி விட்டு மீண்டும் கற்றால் நிலைக்கும் என்பதும் அவர் கண்டவை. எனவே ஒரு பாடத்தை ஒரே இரவில் பத்து முறை படிப்பதினும் இன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள் எனப் பிரித்துப் படிப்பதே நன்று. படித்தபின் நூலை மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தல் வேண்டும். விடுபட்டவை எவை என்பது அப்போதே விளங்கிவிடும்.

பகலில் கற்றவை உறக்கத்தின்போது மூளையில் உறுதிப்படுகின்றன. பதின்பருவத்தினர்க்கு நாள்தோறும் 8 மணி நேரமேனும் உறக்கம் தேவை. தேர்வுக்கு முதல்நாள் விடியவிடியக் கண்விழிப்பது, கற்றதையும் இழக்கச் செய்யும்.

தேர்வறையில்

அச்சம் மிகும்போது அட்ரினலின் சுரந்து நெஞ்சு படபடக்கும். அறிந்த விடையும் நினைவுக்கு வாராது. மூச்சை மெல்ல உள்ளிழுத்து, அதனினும் மெதுவாக வெளிவிட்டால் படபடப்புத் தணியும். தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படிப்பதற்கென்றே 10 நிமிடம் வழங்கப்படுகின்றது. அந்நேரத்தில் நன்கறிந்த வினாக்களைத் தெரிவு செய்து, அவற்றிற்கு முதலில் விடை எழுதினால் மனம் உறுதி பெறும்.

பெற்றோர் கவனத்திற்கு

பொதுத்தேர்வில் முதலிடம் பெற்றோரை அறிவிக்கும் முறையைத் தமிழக அரசு 2017 ஆம் ஆண்டிலேயே கைவிட்டது. அவ்வாறிருக்க, இல்லத்தில் மட்டும் அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசுதல் எதற்கு? தேர்ச்சி பெறாதோர் அதே ஆண்டில் துணைத்தேர்வு எழுதலாம். இதனை முடிவுகள் வெளிவருமுன்னரே பிள்ளைகளிடம் அன்போடு எடுத்துரைக்க வேண்டும்.

உணவை வெறுத்து, எவருடனும் பேசாது ஒதுங்கி, ‘இனி வாழ்ந்து பயனில்லை’ என ஒரு பிள்ளை கூறினால், அதனை விளையாட்டாகக் கொள்ளலாகாது. தனித்திருக்க விடாமல் உடனிருந்து, மருத்துவ உதவியை நாட வேண்டும். 14416 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே மனநல ஆலோசனை பெறலாம்.

பிள்ளையின் உயிரினும் பெரிய மதிப்பெண் எதுவும் இல்லை. திருமுன் நின்று வேண்டும்போது அவர்தம் நலத்தையும் தெளிந்த மனத்தையும் முதலில் வேண்டுவோமாக.