கீறலுக்குப் பதில் கீறல்

முதுகில் ஓடுகிற அந்தக் கோடு எப்படிப் போகும் என்றுதானே கேட்கிறாய், தம்பி? தே தாரிக் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை. குடித்துக்கொண்டே கேள்.

நீ ஒட்டி வைத்திருப்பது 1/48 அளவில் ஒரு புரூஸ்டர் பஃபலோ. ஜொகூர்க்காரர்கள் செய்து பார்க்க இதைவிடப் பொருத்தமான விமானம் எனக்குத் தோன்றவில்லை. 1942 ஜனவரி 26 அன்று, மெர்சிங்குக்கு வடக்கே எண்டாவ் கரையில் ஜப்பானியர் படையிறக்கியபோது, வில்டபீஸ்ட் என்ற பழைய இரட்டை அடுக்குச் சிறகு விமானங்களை அவர்கள் மேல் பிரிட்டிஷார் அனுப்பினார்கள். அவற்றுக்குக் காவலாகப் பறந்தவற்றில் பஃபலோக்களும் இருந்தன. வில்டபீஸ்ட்களில் பல திரும்பி வரவில்லை. நம் கடற்கரைக்கு மேலே பையன்கள் உயிரைப் பணயம் வைத்துப் பறந்த விமானத்தை மேசையில் வைக்கிறோம் என்றால், அதன் உடம்பை ஒழுங்காகச் செய்து வைக்க வேண்டும் என்பது என் கட்சி. அசல் விமானத்தின் முதுகில் இப்படி ஒரு வாய்க்கால் ஓடவில்லை. நம்முடையது இடம், வலம் என்று இரண்டு பாதிகளாக வார்க்கப்பட்டு வருவதால் ஓடுகிறது. வண்ணம் அடித்தால் மறைந்துவிடும் என்று நினைக்காதே. வண்ணம் அதை இன்னும் எடுத்துத்தான் காட்டும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். உப்புத்தாள் எதையும் வழவழப்பாக்குவதில்லை. அதற்குக் கீற மட்டும்தான் தெரியும். 240 நம்பர் தாள் பெரிய கீறல் போடும். 400 அதைவிடச் சின்னது. 1000 இன்னும் சின்னது. நாம் செய்வதெல்லாம் பெரிய கீறலைக் கொடுத்துவிட்டுச் சின்னக் கீறலை வாங்குவது. உழுத வயலில் பரம்படிப்பதுபோலத்தான்: ஏர் போட்ட சாலைத் தூர்க்கப் பரம்பு வருகிறது, பரம்பு போட்ட தடம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியது. ஆகவே ஒவ்வொரு தாளுக்கும் ஒரே வேலை, முந்தைய தாள் விட்ட தடத்தை முழுக்க அழிப்பது. 240-இலிருந்து நேராக 1000-க்குத் தாவினால், ஆழமான கோடுகள் அப்படியே கிடக்க, அவற்றின் கரைகள் மட்டும் பளபளக்கும். கைக்கு வழவழப்பாக இருக்கும். பிரைமர் அடித்ததும் எல்லாம் எழுந்து வரும்.

எவ்வளவு பெரிய கீறல் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் வரும். பி240 தாளில் உள்ள மணிகளின் சராசரி அளவு சுமார் 58 மைக்ரான். பி400-இல் 35. பி1000-இல் 18. பி2000-இல் 10. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தக் காகிதத்தைத் தொட்டால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் நீ செய்வது 48-இல் ஒரு பங்கு விமானம். 58 மைக்ரானை 48-ஆல் பெருக்கு: அசல் அளவில் ஏறக்குறைய 2.8 மில்லிமீட்டர் மணி. அப்படிப்பட்ட கற்களால் ஒரு போர் விமானத்தின் அலுமினியத் தோலைத் தேய்த்தால் எப்படி இருக்கும்? பி400 என்றால் 1.7 மில்லிமீட்டர். பி1000-க்கு வந்தால்தான் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே இறங்குகிறது. மணி முழுக்கப் பிளாஸ்டிக்கில் இறங்குவதில்லை, அதனால் கீறல் மணியைவிடச் சிறியதுதான். ஆனாலும் எந்த எண்ணில் நிறுத்தலாம் என்று இந்தப் பெருக்கல் சொல்லிவிடும். பஃபலோவுக்குப் பளபளப்பில்லாத பச்சையும் மண்நிறமும்தான் பூச்சு. பி1000 போதும், மீதியைப் பிரைமர் பார்த்துக்கொள்ளும். வெள்ளி நிறத்தில் உலோகமாகவே மின்னுகிற விமானம் என்றால் 2000-க்கு மேலே போகாமல் தப்பிக்க முடியாது.

எண்ணுக்கு முன்னால் அந்த ‘பி’ இருக்கிறதா என்று தாளின் பின்பக்கம் பார்த்து வாங்கு. அது ஐரோப்பிய அளவுமுறை. ‘பி’ இல்லாமல் பழைய அமெரிக்க முறையில் 600 என்று போட்டிருந்தால், அந்தத் தாள் ஏறக்குறைய பி1200-க்குச் சமம். ஒரே வேலையில் இரண்டு முறைகளையும் கலந்தால் படிகள் குழம்பிவிடும்.

கறுப்பாக இருக்கிறதே, அந்த மணி என்ன தெரியுமா? சிலிக்கன் கார்பைடு. 1891-இல் எட்வர்ட் ஆச்சிசன் என்ற அமெரிக்கர் செயற்கை வைரம் செய்யலாம் என்று களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால் கடுஞ்சூட்டில் காய்ச்சினார். வைரம் வரவில்லை. வைரத்தை எட்டாவிட்டாலும் மிகக் கடினமான பொருளாக இது வந்தது. முனை மழுங்காமல் உடைந்து உடைந்து புது முனை காட்டும் என்பதால், பிளாஸ்டிக் போன்ற மெத்தென்ற பொருளை அழகாக வெட்டுகிறது. அதைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கலாம் என்பது இன்னொருவர் தந்த வரம். பிலடெல்பியாவில் மை தயாரித்துக்கொண்டிருந்த பிரான்சிஸ் ஓக்கி நீரில் ஊறாத உப்புத்தாளைக் கண்டுபிடிக்க, 1921-இல் 3எம் நிறுவனம் அந்த உரிமையை வாங்கி அவரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. கார்ப் பட்டறைகளில் ஈயம் கலந்த பூச்சைத் தேய்த்து அந்தத் தூசியை மூச்சில் இழுத்துக்கொண்டிருந்த தொழிலாளிகளுக்கு அது பெரிய விடுதலை. இன்றும் பெயிண்டர்கள் வாட்டர் பேப்பர் என்று கேட்டு வாங்குவது அதைத்தான்.

இதற்கெல்லாம் முன்னால் இந்த மண்ணில் தேய்ப்பு வேலை நடக்கவில்லை என்று எண்ணிவிடாதே. மலாய்க் கம்மியர்கள் கிரிஸ் என்ற குத்துவாளின் கைப்பிடியை மெருகேற்ற மெம்பெலாஸ் என்ற காட்டுக்கொடியின் இலையால் தேய்த்தார்கள். இலையில் சிலிக்கா உண்டு. அதுதான் அந்தச் சொரசொரப்பு. தமிழ்நாட்டில் பராய் மர இலைக்கும் அதே குணம், மரத்தையும் தந்தத்தையும் அதைக்கொண்டு தேய்த்திருக்கிறார்கள். திருச்சிக்குப் பக்கத்தில் திருப்பராய்த்துறைக் கோயிலின் தலமரமே அதுதான். எனக்கு அந்த இலைகள் மேல் தனி மரியாதை.

சரி, பஃபலோவுக்கு வருவோம். எந்த எண் என்பதைவிட, தாளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் வேலையைத் தீர்மானிக்கிறது. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. விரலில் மடித்துப் பிடித்துத் தேய்த்தால், விரலின் சதை பள்ளத்துக்குள் அமுங்கி, மேட்டையும் பள்ளத்தையும் ஒரே அளவில் சாப்பிடும். கோடு அகலமாகுமே தவிரப் போகாது. மேட்டை மட்டும் வெட்ட வேண்டுமானால் பின்புறம் விறைப்பாக இருக்கவேண்டும். ஐஸ்கிரீம் குச்சியில் இரட்டைப் பக்க டேப் ஒட்டி அதன் மேல் தாளை ஒட்டிக்கொள். சிறகின் விளிம்புக்கும் தட்டையான இடங்களுக்கும் அது போதும். சின்ன அரம் இன்னும் விறைப்பானது, கிட் சட்டத்திலிருந்து வெட்டிய காம்பின் அடியைச் சீவ நல்லது. ஆனால் பஃபலோவின் முதுகு உருண்டை. அங்கே விறைத்த குச்சியை ஒரே இடத்தில் வைத்து அழுத்தினால் வளைவில் ஒரு தட்டைப் பட்டை விழும், பக்கவாட்டில் வெளிச்சம் பட்டதும் ஊருக்கே தெரியும். அதற்கு ஸ்பான்ஜ் முதுகு வைத்த தாள். தாமியா அதை அட்டை அட்டையாக விற்கிறது. கத்தரியால் சின்னத் துண்டாக வெட்டிக்கொள்ளலாம். மருந்துக்கடையில் பெண்கள் நகத்துக்கு வாங்குகிற பஃபர் கட்டையும் அதே வகைதான், கடைசிப் பக்கம் மெருகு ஏற்றவே செய்யப்பட்டது. கூச்சப்படாமல் வாங்கு.

வேலை தொடங்கும் வரிசை இது. ஒட்டும்போது இரண்டு பாதிகளையும் லேசாக அழுத்தினால், கரைந்த பிளாஸ்டிக் ஒரு நூல்போல வெளியே பிதுங்கும். அதைத் துடைக்காதே. பள்ளத்தை நிரப்புவதே அதுதான். பிறகு பொறு. ஒரு நாள் அல்ல, இரண்டு நாள். பசையிலுள்ள கரைப்பான் முழுக்க வெளியேறாத இடத்தில் தேய்த்துச் சமப்படுத்தினால், வண்ணம் அடித்துக் கொஞ்ச காலம் கழித்து அந்த இடம் சுருங்கி, கோடு மறுபடி எட்டிப் பார்க்கும். பள்ளம் நிரப்பும் பட்டிக்கும் இதே விதி, ஓர் இரவாவது காயட்டும். சூப்பர் குளூவால் நிரப்பினால் மட்டும் விதி தலைகீழ். அது காற்றின் ஈரத்தைப் பிடித்துத்தான் இறுகும், நம் ஊர் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? விட்டுவைத்தால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகிவிடும், பிறகு தேய்த்தால் பிளாஸ்டிக் தேயும், பசை மேடாக நிற்கும். ஆகவே இறுகிய சிறிது நேரத்திலேயே தேய்த்துவிடு.

இரண்டு நாள் ஆனதும், கோட்டுக்கு இரு பக்கமும் டேப் ஒட்டி, காக்கவேண்டிய நுணுக்கங்களை மூடு. பிதுங்கிய நூலைக் கத்தியின் முனையால் லேசாகச் சுரண்டி எடு. பிறகு 400 ஸ்பான்ஜ், தண்ணீர் தொட்டு. கோட்டின் நீளவாக்கில் மட்டும் இழுத்துக்கொண்டிருக்காதே. முதுகின் வளைவைத் தழுவிக்கொண்டு, ஒரு தோளிலிருந்து மறு தோளுக்குப் போகிறமாதிரி இழு. மேடு இறங்கியதும் டேப்பை எடுத்துவிட்டு 600-க்குப் போ. இங்கே ஒரு பழைய தச்சு நுட்பம்: தாள் மாறும்போது திசையையும் மாற்று. 400 குறுக்காகப் போயிருந்தால் 600 சாய்வாகப் போகட்டும். முந்தைய கோடு ஒன்றாவது மிச்சமிருந்தால் புதுக் கோடுகளுக்குக் குறுக்கே பளிச்சென்று நிற்கும். அது போகும்வரை 1000-ஐத் தொடாதே.

அழுத்தாதே. அழுத்தினால் வேகம் வராது, சூடுதான் வரும். பாலிஸ்டைரின் நூறு பாகைக்குப் பக்கத்திலேயே இளகத் தொடங்கும் பொருள். உலர்ந்த தாளில் விறுவிறுவென்று தேய்த்தால் தூள் இளகித் தாளில் அப்பிக்கொண்டு, அந்தக் கட்டிகளே புதுக் கீறல் போடும். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு கலந்த தண்ணீர் இருந்தால் தூள் மிதந்து போய்விடும், தாளும் பல மடங்கு உழைக்கும். இன்னொரு காரணமும் உண்டு. உன் வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது. பிளாஸ்டிக் தூளும் சரி, குறிப்பாக ரெசின் தூளும் சரி, மூச்சில் போகக்கூடாதவை. ரெசின் பாகங்களை நனைத்துத்தான் தேய்க்கவேண்டும், முகக்கவசமும் போட்டுக்கொள். இதில் நான் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை.

முடிந்ததா என்று கண்ணை நம்பாதே, சாம்பல் நிறப் பிளாஸ்டிக் ஏமாற்றும். நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே ஓட்டிப் பார். தட்டினால் இன்னும் மேடு இருக்கிறது. பிறகு பிரைமரை மெல்லியதாக ஒரு பூச்சு அடித்து, விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பார். தேய்த்ததில் அழிந்துபோன பேனல் கோடுகளை வண்ணத்துக்கு முன் மறுபடி கீறிவிடவேண்டும், முதுகைத் தாண்டிப் போகிற கோடு நடுவில் அறுந்து நிற்பது மிகவும் உறுத்தும்.

விமானியின் கண்ணாடிக் கூண்டில் கீறல் விழுந்தால் பதறாதே. அதே கதைதான், ஏணி மட்டும் நீளம்: 2000, பிறகு 3000, பிறகு விமானக் கண்ணாடிகளுக்கென்றே உருவான மைக்ரோ-மெஷ் துணிகள். அவை 12000 வரை போகும், ஆனால் அந்த எண்கள் வேறு அளவுமுறை, பி எண்களோடு ஒப்பிடாதே. கடைசியில் மெருகுக் களிம்பு. கீறல்கள் ஒளியலையின் அளவை நெருங்கும்போது கண்ணாடி மறுபடி தெளியும்.

தேய்க்கக்கூடாத இடங்களும் உண்டு. பஃபலோவின் வால் சுக்கான் அசலில் துணி போர்த்தியது. விலாக் கோடுகள் லேசாகப் புடைத்திருக்கும், அவற்றைச் சமப்படுத்தினால் துணி தகரமாகிவிடும். அடுத்து நீ செய்யப்போவதாகச் சொன்ன ஜப்பானிய ஹா-கோ டாங்கியும் அப்படித்தான். 1942 ஜனவரி 18 அன்று மூவாருக்குப் பக்கத்தில் பக்ரி சாலையில் ஆஸ்திரேலியர்களின் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் அடித்து நிறுத்திய ஒன்பதும் அந்த வகைதான். அதன் உடம்பெல்லாம் ரிவெட் தலைகள். ஒன்று போனால் திரும்ப வைப்பது பெரும்பாடு. எஃகுத் தகட்டுக்கு 600-க்கு மேல் மெருகும் தேவையில்லை, ஆகவே அதில் விளிம்புகளையும் இணைப்புகளையும் மட்டும் குச்சியால் தொட்டுவிட்டு நிறுத்திக்கொள்.

இப்போதைக்கு ஹார்ட்வேர் கடையில் பி400, பி600, பி1000 தாள் ஒவ்வொன்று, மருந்துக்கடையில் ஒரு நக பஃபர், ஒரு ஸ்பான்ஜ் தாள், இவ்வளவு வாங்கினால் போதும். 240 வேண்டாம், பட்டி நிறையப் போட்டு வைத்தவர்களுக்குத்தான் அது. தாள்களைச் சின்னச் சின்னதாக வெட்டி, ஒவ்வொன்றின் பின்னாலும் எண்ணை எழுதி, மூடியுள்ள பிஸ்கட் டின்னில் வை. உன் பஃபலோவை ஒட்டியது நேற்றுத்தானே? நாளை வரை அதைத் தொடாதே.